அடுப்பைப் பற்றி யாரும் கேட்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நுரையீரல் நோய்கள் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சிகரெட், பீடி பற்றி எழுதியிருந்ததில் ஒன்றும் தப்பில்லை. ஆனால் கட்டுரை முழுக்கத் தேடியும் அடுப்பு என்ற சொல் ஓர் இடத்தில்கூடக் கண்ணில் படவில்லை. எங்கள் வீட்டுக் கதையே அதுதான் என்பதால் எழுதுகிறேன்.

என் அம்மாவுக்கு இப்போது 68 வயது. முதுகுளத்தூர்ப் பக்கம் கிராமம். பத்து வருடமாக இருமல், நாலு எட்டு நடந்தால் மூச்சிரைப்பு. மழைக்காலம் வந்தால் ராத்திரி படுக்க முடியாது, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே விடிய வைப்பார். ஊரில் அதற்கு 'இழுப்பு' என்று பெயர். எத்தனையோ டாக்டர்களிடம் காட்டினோம். எல்லோரும் முதலில் கேட்ட கேள்வி ஒன்றேதான்: "பீடி, சுருட்டுப் பழக்கம் உண்டாம்மா?" அம்மா பதறிப்போய், "ஐயய்யோ, அதெல்லாம் எங்க வீட்டுப் பொம்பளைக தொடமாட்டாகய்யா" என்பார். அத்தோடு விசாரணை முடிந்தது. ஆஸ்துமா என்று சீட்டில் எழுதி, மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

மூன்று வருடத்துக்கு முன்னால்தான் ஒரு டாக்டர் அம்மாவைக் குழாயில் ஊதவைத்துப் பார்த்தார். ஸ்பைரோமெட்ரி என்கிறார்கள். மூச்சை முழுசாக இழுத்து, ஒரே மூச்சில் வேகமாக வெளியே தள்ள வேண்டும், ஆறு விநாடியாவது விடாமல் ஊத வேண்டும். உள்ளே போன காற்றில் எவ்வளவு முதல் விநாடியிலேயே வெளியே வருகிறது என்று கருவி கணக்குப் போடும். நூற்றுக்கு எழுபதுக்குக் கீழே நின்று, மருந்தை இழுக்கக் கொடுத்து மறுபடி ஊதவைத்தும் ஏறவில்லை என்றால் மூச்சுக்குழாயில் அடைப்பு என்று அர்த்தம். அந்த நர்ஸ் பெண் "ஊதுங்கம்மா, இன்னும், இன்னும், விடாதீங்க" என்று கத்துகிறார். அம்மாவால் மூன்று விநாடி தாண்ட முடியவில்லை. நாற்பது வருடம் ஊதாங்குழலை ஊதி ஊதி அடுப்பெரித்தவர்! எனக்கு அந்த இடத்தில் நிற்க முடியாமல் வெளியே வந்துவிட்டேன். நோயின் பெயர் சிஓபிடி, நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். பெரும்பாலும் பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு வருவது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் அதே நோய்.

எங்கள் பக்கத்தில் விறகு என்றால் வேலிக்கருவை. காசு கொடுக்க வேண்டாம், கண்மாய்க் கரையில் வெட்டிக்கொண்டு வரலாம். காய்ந்திருந்தால் நன்றாக எரியும். ஐப்பசி, கார்த்திகையில் நனைந்துவிட்டால் புகை கண்ணைப் பிடுங்கும். அம்மா காலையில் இரண்டு மணி நேரம், சாயங்காலம் இரண்டு மணி நேரம் அதன் முன்னால் குந்தியிருப்பார். பீடி சிகரெட்டுக்கு 'பேக் இயர்' என்று ஒரு கணக்கு உண்டு: தினமும் 20 சிகரெட் ஒரு வருடம் பிடித்தால் ஒன்று. அடுப்புக்கும் ஆய்வாளர்களிடம் அப்படி ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், அதை எத்தனை வருடம் என்று பெருக்குகிறார்கள். என் அம்மாவுக்கு நாலு மணி நேரம், நாற்பது வருடம், ஆக 160. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. பத்து வருடத்தில் ஒருவர்கூடப் போடவில்லை.

விறகுப் புகையில் என்ன இருக்கிறதோ, ஏறக்குறைய அதுதான் பீடிப் புகையிலும் இருக்கிறது: கார்பன் மோனாக்சைடு, ஃபார்மால்டிஹைடு, பென்சீன், எல்லாவற்றுக்கும் மேலே 2.5 மைக்ரானுக்கும் குறைவான நுண்தூசி. தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்குகூட இருக்காது. மூக்கிலும் தொண்டையிலும் சிக்காமல் நேரே அடிவரைக்கும் போய்விடும். மூச்சுக்குழாயின் உட்சுவரில் இருக்கும் பொடி ரோமங்கள்தான் சளியை மேலே தள்ளிக்கொண்டு வருபவை. புகை பட்டுப் பட்டு அவை செயலிழந்து போகும், சளி தேங்கும். அப்புறம் காற்றறைகளின் சுவர் மெல்ல மெல்ல இற்றுப்போகும். காற்று உள்ளே போகும், வெளியே வரச் சிரமப்படும். புகைந்தது பீடி இலையா, வேலிக்கருவையா என்றெல்லாம் நுரையீரல் பார்ப்பதில்லை.

இது என் அம்மா ஒருவருக்கு மட்டும் நேர்ந்ததும் இல்லை. வீட்டுக்குள் எழும் புகையால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகம் முழுக்க சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. நம் திருவள்ளூர் மாவட்டத்துக் கிராமங்களில் புகைப்பழக்கமே இல்லாத 900 பெண்களைச் சோதித்து 2011இல் ஓர் ஆய்வு வெளியானது. நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு இந்த நோய் இருந்தது. சீனாவில் சுவான்வெய் என்ற ஊர் இன்னும் மோசம். அங்கே பெண்கள் அநேகமாக யாருமே புகைப்பதில்லை. ஆனால் நுரையீரல் புற்றுநோயில் சாகும் பெண்கள் அந்த நாட்டிலேயே மிக அதிகமாக இருந்த இடங்களில் அதுவும் ஒன்று. புகை அதிகம் வரும் நிலக்கரியை, புகைபோக்கி இல்லாத அடுப்பில், வீட்டுக்குள்ளேயே எரித்து வந்தார்கள். வேறொன்றும் வேண்டாம், புகைபோக்கி வைத்த வீடுகளில் அந்தப் புற்றுநோய் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததாக 2002இல் வந்த ஆய்வு சொல்கிறது.

புகைபோக்கி என்றதும் என் தப்பையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் பழைய வீடு நாட்டு ஓடு. சமையலறைச் சுவருக்கும் கூரைக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி உண்டு. கீழே புகைந்தாலும் மேலே போக வழியிருந்தது. நான் வேலைக்குப் போனபிறகு அதை இடித்துவிட்டுத் தளம் போட்ட வீடு கட்டினேன். கேஸ் அடுப்புக்கு மேடை போட்டேன். கூடவே, வெந்நீர் காயவைக்க, மாட்டுக்குத் தவிடு வேகவைக்க என்று மாடிப்படிக்கு அடியில் விறகடுப்புக்கும் ஓர் இடம். ஜன்னல் ஒரு சாண். பெருமையாகக் கட்டிய வீட்டில் அம்மாவுக்குப் புகை அடைந்து நிற்கும் கூண்டு ஒன்றைச் செய்து கொடுத்திருக்கிறேன் என்பது அப்போது உறைக்கவில்லை.

கேஸ் வந்துவிட்டதே, பிரச்சினை தீர்ந்ததே என்று கேட்பார்கள். தமிழ்நாட்டில் 2007லேயே இலவச கேஸ் அடுப்பு கொடுத்தார்கள். 2016இல் மத்திய அரசின் உஜ்வலா திட்டமும் வந்தது. இணைப்பு இருக்கிறது, அதில் சந்தேகமில்லை. எங்கள் தெருவில் போய்ப் பாருங்கள்: காபிக்கும், விருந்தாளி வந்தால் அவசரத்துக்கும் கேஸ். சோறும் குழம்பும் வெந்நீரும் விறகில். சிலிண்டர் தீர்ந்தால் அடுத்ததற்கு மொத்தமாகப் பணம் எடுத்துவைக்க வேண்டும், கண்மாய் விறகுக்கு அது வேண்டாம். இது பழக்கத்தை விடாத பிடிவாதம் என்று பட்டணத்தில் பேசுவதைக் கேட்டால் எரிச்சலாக வரும். விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டங்களையும் வேறு மூன்று நாடுகளையும் சேர்த்து 3,200 கர்ப்பிணிகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. பாதிப் பேருக்கு அடுப்பும் சிலிண்டரும் காசில்லாமல் வீடு தேடி வந்தன. அவர்கள் விறகைக் கிட்டத்தட்ட விட்டே விட்டார்கள். சுவாசித்த நுண்தூசி, கனமீட்டருக்கு மைக்ரோகிராம் கணக்கில், விறகு வீடுகளில் 70ஆக இருந்தபோது இவர்களுக்கு 24ஆக இருந்தது. குழந்தைகளின் பிறப்பு எடையில் எதிர்பார்த்த வித்தியாசம் வரவில்லை, அதையும் மறைக்காமல் 2022இல் வெளியிட்டார்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் ஆண்டுச் சராசரி வரம்பு 5 என்பதைப் பார்த்தால் அந்த 24ம் குறைச்சல் இல்லை. ஆனால் காசுக் கவலை இல்லாமல் கேஸ் கிடைத்தால் பெண்கள் விறகைத் தேடிப் போகமாட்டார்கள் என்பது மட்டும் தெளிவாகிறது.

இதைப் படித்துவிட்டு டீக்கடையில் சிலர் சந்தோஷப்படுவார்கள் என்பதும் தெரியும். "பார்த்தியா, பீடியே தொடாத கிழவிக்கும் வருது, நான் மட்டும் எதுக்கு விடணும்" என்று ஏற்கெனவே என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு என் அப்பாவைக் காட்டுவேன். அடுப்பிலிருந்து கொள்ளியை எடுத்துப் பீடி பற்றவைத்து, அம்மா சமைக்கும்போது பக்கத்திலேயே உட்கார்ந்து கதை பேசியபடி பிடிப்பார். தினம் ஒரு கட்டு. அந்தப் புகையும் அம்மா கணக்கில்தானே சேர்ந்தது? பொது இடத்தில் புகைக்கக் கூடாது என்ற இப்போதைய விதி 2008 அக்டோபர் 2 முதல் இருக்கிறது, வீட்டுப் படியேறி வர அதனால் முடியாது. பீடியை விட்டாலும் போன நுரையீரல் திரும்பாது. ஆனால் மிச்சமிருப்பது வேகமாகத் தேய்வது நிற்கும். ஐம்பது வயதில் விட்டாலும் அதில் லாபம் உண்டு.

கொசுவர்த்திச் சுருளையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். கதவு ஜன்னலைச் சாத்திவிட்டுக் குழந்தைகள் தலைமாட்டில் ஏற்றிவைக்கிறோம். ஒரு சுருள் எரிந்து முடிக்கும்போது 75 முதல் 137 சிகரெட் வரைக்கும் ஈடான நுண்தூசியை விடுகிறது என்று 2003இலேயே அளந்து சொல்லிவிட்டார்கள். எங்கள் வீட்டில் இப்போது கொசுவலை.

கடைசியாகக் கேட்பது இதுதான். 'மக்களைத் தேடி மருத்துவம்' என்று 2021 ஆகஸ்டிலிருந்து வீட்டு வாசலுக்கே வருகிறார்கள். ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள், சர்க்கரை பார்க்கிறார்கள். எங்கள் வீட்டுக்கும் வந்தார்கள், நல்ல பிள்ளைகள். அவர்கள் நோட்டில் இன்னும் ஒரு கேள்வி சேர்க்கலாம்: எந்த அடுப்பில், எத்தனை வருடமாகச் சமைக்கிறீர்கள்? கணக்குப் பெரிதாக இருந்து, இருமலும் இருந்தால், அந்தப் பெண்ணை ஒருமுறை குழாயில் ஊதவைக்க வட்டார மருத்துவமனைக்கு அனுப்பட்டும். அங்கே ஸ்பைரோமீட்டரும், ஊதவைக்கத் தெரிந்த ஒருவரும் இருக்க வேண்டும், அவ்வளவுதான். தங்கள் இதழ் இதைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டால் சுகாதாரத் துறையில் யாராவது படிப்பார்கள் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
முதுகுளத்தூர் வட்டம், ராமநாதபுரம் மாவட்டம்.