2024-25ஆம் ஆண்டுக்கான செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வருகை தந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். கோவை கணபதி, ஆவாரம்பாளையம் வட்டாரத்தில் பவுண்டரி, லேத், பம்ப் உதிரிபாகத் தொழில் செய்வோரைக் கொண்ட நமது சங்கத்தின் கடந்த ஆண்டு நடவடிக்கைகளைப் பணிவுடன் சமர்ப்பிக்கிறேன்.

நிர்வாகக் குழு மாதந்தோறும் கூட்டப்பட்டது. இரண்டு மாதங்கள் கோரம் சேராமல் தேநீரோடு கலைந்தது. ஆயுத பூஜை வழக்கம்போல் நடைபெற்றது. மின்சார நிலைக்கட்டணத்தைக் குறைக்கக் கோரி மனு அளித்தோம்.

இனி, சங்க அலுவலகத்தில் நிறுவப்பட்ட ஆவண வாசிப்பு ஏற்பாடு குறித்துச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் இதைப் பற்றி என்னிடம் கேட்டவர்களைவிட என் முதுகுக்குப் பின்னால் கேட்டவர்களே அதிகம். ஸ்கேனர் வாங்கவும், காகிதத்தைப் படித்து டேலி கணக்கு மென்பொருளில் ஏற்றத்தக்க வடிவில் தரும் மென்பொருளுக்கு ஓராண்டுச் சந்தா கட்டவும் நிர்வாகக் குழு முறைப்படி தீர்மானம் நிறைவேற்றியது. தீர்மானப் புத்தகம் மேசைமேல் இருக்கிறது. ஸ்கேனர் என் பட்டறைக்கு அருகில் இருப்பதற்குச் சங்க அலுவலகம் என் பட்டறைக்கு அருகில் இருப்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

நம் தொழிலில் பணம் சிக்கிக்கொள்ளும் இடம் டி.சி., அதாவது பொருளோடு அனுப்பும் டெலிவரி சலான், என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. ஒரே டி.சி.யில் 200 காஸ்டிங் (வார்ப்பு) வெளிப்பட்டறைக்கு மெஷினிங்குக்குப் போகிறது. 60, 45, 80 என்று மூன்று டி.சி.யாகத் திரும்பி வருகிறது. மீதி 15-இல் எத்தனை ப்ளோ ஹோல் (வார்ப்பில் காற்றுக்குழி) விழுந்து கழிந்தவை, எத்தனை பட்டறையிலேயே கிடக்கிறது என்பது சூப்பர்வைசரின் ஞாபகத்தில் மட்டும் இருக்கிறது. ஜி.எஸ்.டி. சட்டப்படி ஜாப் ஒர்க்குக்கு (கூலிக்கு வேலை செய்து தரக் கொடுப்பது) அனுப்பிய காஸ்டிங் போன்ற பொருள் ஓராண்டுக்குள் திரும்பாவிட்டால், அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கொண்டு வரியும் வட்டியும் கேட்பார்கள். அப்படிப் போய் வந்த பொருளின் கணக்கைக் காட்டும் ஐ.டி.சி.-04 படிவத்தை, ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டியவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் மற்றவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையும் போட வேண்டும். அந்தச் சமயத்தில் டி.சி. புத்தகங்களைச் சாக்கில் கட்டி ஆடிட்டர் அலுவலகத்துக்கு ஆட்டோவில் அனுப்புவதை நாம் அனைவரும் செய்திருக்கிறோம். காகிதம் வந்த அன்றே அதைப் படித்து, எந்த டி.சி.க்கு எவ்வளவு பாக்கி என்று காட்டுவதே இந்த ஏற்பாட்டின் நோக்கம்.

இதில் என் தவறு ஒன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். வாங்கும் பில்களையெல்லாம் இந்த மென்பொருள்தான் படிக்க வேண்டும் என்று எண்ணி, பக்கத்துக்கு இவ்வளவு என்ற கணக்கில் தேவைக்கு மேல் பணம் கட்டிவிட்டேன். 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடியைத் தாண்டிய நிறுவனங்கள் பிற வணிகர்களுக்குப் போடும் பில்லில் இ-இன்வாய்ஸ் (அரசு தளத்தில் பதிந்த பில்) க்யூ.ஆர். கட்டம் இருந்தாக வேண்டும்; பில் எண், தேதி, இருவரின் ஜி.எஸ்.டி. எண், மொத்தத் தொகை எல்லாம் அதற்குள்ளேயே இருக்கின்றன. அதைப் படிக்கச் சாதாரண க்யூ.ஆர். ஸ்கேனர் போதும். எழுத்தை வாசிக்கும் மென்பொருள் தேவைப்படுவது கையால் எழுதிய டி.சி.க்கும், ஒவ்வொரு இரும்பு மில்லும் ஒவ்வொரு அமைப்பில் தரும் டெஸ்ட் சர்டிபிகேட்டுக்கும் (உலோகச் சேர்மானச் சான்று)தான்.

சர்டிபிகேட்டுகளில் ஹீட் நம்பரையும் (ஒரே உருக்கில் வந்த தொகுதியின் எண்) கார்பன், சிலிக்கான் அளவுகளையும் அது பெரும்பாலும் சரியாகவே எடுத்தது. டி.சி.யில்தான் தடுமாறியது. எண்ணெய்க் கை பட்ட மூன்றாம் கார்பன் நகலில் 170 என்பதை 110 என்றது. ‘மேலே உள்ளதே’ என்பதற்கு நாம் போடும் இரட்டைக் கோட்டை 11 என்று படித்து, 11 இம்பெல்லரை வரவு வைத்தது. மூத்த கணக்கர் ஒருவர் ‘மேற்படி’ என்பதற்குப் பழைய வழக்கப்படி ௸ போட்டிருந்தார். அதற்கு மென்பொருள் சொன்ன பதிலை இங்கே எழுத இயலாது. எனவே அளவையும் டி.சி. எண்ணையும் ஒரு மனிதர் பார்த்து ஒப்புதல் தந்த பிறகே டேலிக்குப் போகும்படி மாற்றினோம். எண்ணுக்கு எண் தனிக்கட்டம் போட்ட பொது டி.சி. புத்தகத்தையும் அச்சிட்டோம். அதைப் பயன்படுத்திய பட்டறைகளில் தவறு கண்கூடாகக் குறைந்தது. அவை நான்கு. மற்றவர்கள் பழைய புத்தகம் தீரட்டும் என்றார்கள், இன்னும் தீர்ந்தபாடில்லை. புதிய புத்தகக் கட்டுகள் அலுவலகப் பரணில் இருக்கின்றன.

பயிற்சி வகுப்பு மூன்று சனிக்கிழமைகள் நடந்தது. வருவதாகக் கையெழுத்திட்டவர்களில் பாதிப்பேர்கூட வரவில்லை. வந்தவர்களில் ஒருவர் மகனை உட்கார வைத்துவிட்டு வங்கிக்குப் போனார். அந்தப் பையன்தான் இன்றுவரை ஸ்கேனரை ஒழுங்காக இயக்குபவர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். “சங்கம் எங்களுக்கு என்ன செய்தது?” என்று வாட்ஸ்அப் குழுவில் கேட்ட உறுப்பினர்கள் மூவரும் இரண்டாண்டுச் சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் என்பது தற்செயலாகவே இருக்கட்டும்.

வரவு செலவு விவரத்தைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சுருங்கச் சொன்னால் செலவு வரவுக்குள் அடங்கியது. அப்படி அடங்கியதில் இரண்டு மாத வாடகை பாக்கிக்கும் பங்குண்டு.

நம் கணக்கைச் சரிபார்த்துத் தந்த ஆடிட்டருக்கும், கூட்டங்களுக்கு இடமளித்த மண்டப உரிமையாளருக்கும், அலுவலக உதவியாளருக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி.

வரும் ஆண்டு இப்பொறுப்பில் தொடர்வதில்லை என்று வீட்டில் வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஆயினும் மென்பொருள் சந்தா அடுத்த மாதம் முடிகிறது; கட்டாவிட்டால் நான்கு பட்டறைகளின் ஓராண்டு டி.சி. பதிவுகளை உரிய காலத்தில் இறக்கி எடுத்து வைக்க வேண்டும், அதற்கும் ஆள் வேண்டும். இளைஞர் எவரேனும் முன்வந்தால் கடவுச்சொல்லையும் அலுவலகச் சாவியையும் இன்றே ஒப்படைக்கிறேன். எவரும் முன்வராவிட்டால் என்ன செய்வது என்பதைப் பொதுக்குழு முடிவு செய்யட்டும். உறுப்பினர் சந்தா பாக்கி பாதி வந்தால்கூட வீட்டில் ஒருமுறை பேசிப் பார்க்கலாம். பொருளாளர் ரசீதுப் புத்தகத்துடன் வாசலருகே அமர்ந்திருக்கிறார்.

இப்படிக்கு,
செயலாளர்