உன் எடிசன் ஸ்டாண்டர்டுக்கு என்ன வயது?

அன்புள்ள சேகர்,

கடிதமும் படங்களும் கிடைத்தன. மீனாவின் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மற்றதைப் படிக்க மனம் வந்தது. இங்கே எல்லோரும் நலம். சின்னவள் வேலை மாறி பாஸ்டனுக்குப் போய்விட்டாள். ஓய்வு பெற்றவனுக்குப் பொழுது போகுமா என்று கேட்டிருந்தாய். நீ வாங்கிய எடிசன் ஸ்டாண்டர்டின், மெழுகு உருளைகளில் பாட்டுக் கேட்கும் அந்தப் பழைய போனோகிராஃபின், படங்களைப் பார்த்தே மூன்று மாலைகள் போய்விட்டன, போதுமா!

விஷயத்துக்கு வருகிறேன். விற்றவர் '1898ஆம் ஆண்டுப் பொறி' என்று சொன்னதை நம்பாதே. எடிசன் ஸ்டாண்டர்டு 1898இல் சந்தைக்கு வந்தது உண்மைதான், விலை 20 டாலர். ஆனால் அந்தப் பெயரில் பல ஆண்டுகள், பல மாடல்கள் வந்தன. விற்பவர்கள் பேட்டன்ட் தகட்டில் கண்ணில் படும் மிகப் பழைய தேதியைப் பிடித்துக்கொள்வார்கள். படிக்க வேண்டியது கடைசித் தேதியை. கடைசிக் காப்புரிமைக்கு முன்னால் அந்தத் தகடு அச்சாகியிருக்க முடியாது அல்லவா? அது கீழ் எல்லை, அவ்வளவுதான். பொறி அதற்கு எத்தனையோ ஆண்டுகள் கழித்தும் தொழிற்சாலையை விட்டு வந்திருக்கலாம்.

உன் தகட்டில் கடைசி வரி தேய்ந்திருக்கிறது. ஆனாலும் 'மாடல் பி' என்பது தெளிவாகத் தெரிகிறது. அதுவே பெரிய உதவி. தொடக்க காலத் தகடுகளில் மாடல் எழுத்தே கிடையாது, பி வந்த பிறகுதான் அதற்கு முந்தையதை ஏ என்று குறிக்க வேண்டியிருந்தது. ஸ்டாண்டர்டு பி 1905இல் வந்தது, 1908இல் சி வரும்வரை விற்பனையில் இருந்தது. ஆகவே உன் பெட்டி பிறந்தது இந்த மூன்று ஆண்டுகளுக்குள்.

இதோடு நின்றிருந்தால் நான் இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன். நான்காவது படத்தைப் பெரிதாக்கிப் பார். பல்சக்கரப் பக்கத்தில் இழுத்துத் தள்ளுகிற ஒரு சிறு குமிழ் இருக்கிறது. மாடல் பி பிறந்தபோது அது இல்லை. அன்றைய மெழுகு உருளைகளில் அங்குலத்துக்கு 100 பள்ளங்கள், நிமிடத்துக்கு 160 சுற்றுகள், பாட்டு இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல். 1908இல் எடிசன் 'ஆம்பரால்' உருளையைக் கொண்டுவந்தார். அதில் அங்குலத்துக்கு 200 பள்ளங்கள், நான்கு நிமிடப் பாட்டு. பழைய பொறி வைத்திருந்தவர்கள் கைவிட்டுப் போகாமலிருக்க, மாற்றுப் பல்சக்கரங்களையும் கம்பெனியே விற்றது. ஒலித்தலையை (முனையால் பள்ளத்தைத் தடவி ஒலி எழுப்பும் பாகம் அது) நகர்த்தும் திருகுத் தண்டை அவை பாதி வேகத்தில் சுழலச் செய்யும். அந்தக் குமிழ் இரண்டுக்கும் நான்குக்கும் இடையே மாற்றுவதற்கு.

ஒலித்தலையும் அதையே சொல்கிறது. ஒலித்தலைகளுக்கும் தனியே எழுத்துகள் உண்டு, பொறியின் மாடல் எழுத்தோடு குழப்பிக்கொள்ளாதே. இரண்டு நிமிட உருளைக்கு உரியது சி, நான்கு நிமிடத்துக்கு எச். உன்னுடையது கே. அதன் அடியில் ஒரு சிறு அச்சில் இரண்டு நீலக்கல் முனைகள் இருக்கும், திருப்பிவிட்டால் மற்றது கீழே வரும். அது 1909இல் வந்தது. ஆக, 1905க்கும் 1908க்கும் இடையே ஒரு குடும்பம் இதை வாங்கியிருக்கிறது. ஓரிரண்டு ஆண்டுகளில் நீளமான பாட்டுகளுக்கு ஆசைப்பட்டு, புதுப் பொறி வாங்காமல் இதையே மேம்படுத்திக்கொண்டிருக்கிறது. பெரிய பூ வடிவ ஹார்னும் பிறகு வந்ததாகவே இருக்கலாம். ஸ்டாண்டர்டோடு முதலில் வந்தது 14 அங்குலக் கறுப்பு ஹார்ன், வாய் மட்டும் பித்தளை. அது போதாமல் பலரும் வேறு கடைகளில் பெரிய ஹார்ன் வாங்கி மாட்டினார்கள்.

சேகர், இதனால்தான் 'எந்த ஆண்டு?' என்ற ஒரே கேள்விக்கு ஒரே எண்ணைச் சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை. சில சேகரிப்பாளர்கள் இப்படிப்பட்ட பொறியிலிருந்து நான்கு நிமிடச் சக்கரங்களைக் கழற்றிவிட்டு, சி ஒலித்தலை தேடி மாட்டி, 'அசல் நிலைக்கு'க் கொண்டுவந்ததாகப் பெருமைப்படுகிறார்கள். அந்த மாற்றம் 1909 வாக்கில் ஒரு வீட்டில் நடந்த உண்மையான நிகழ்வு. அதை அழித்துவிட்டுக் கிடைக்கும் அசல் எனக்கு வேண்டாம். உனக்கும் வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். ஓக் பெட்டியைத் தேய்த்துப் புது வார்னிஷ் பூசும் யோசனையையும் விட்டுவிடு. முன்பக்கத்துப் பொன்னிற எடிசன் எழுத்து ஒரு தேய்ப்பில் போய்விடும். இப்போது அதே எழுத்தைப் புதிதாக அச்சடித்தும் விற்கிறார்கள், ஆனால் பழையது பழையதுதான்.

உருளைகளைப் பற்றி அவசரமாக ஒன்று. நான் சொல்லும்வரை எதையும் ஓட்டிப் பார்க்காதே. ஓரத்தில் '4எம்' என்று இருப்பவை மெழுகு ஆம்பரால்கள், மிக எளிதில் நொறுங்கும். உங்கள் டொரண்டோக் குளிரில் காரில் கிடந்ததை வீட்டுக்குள் கொண்டுவந்ததும் கையில் எடுத்தால், விரலின் சூட்டிலேயே விரிசல் விடும். ஒரு நாள் முழுக்க அறையில் கிடக்கட்டும். எடுக்கும்போது இரண்டு விரல்களை உள்ளே விட்டு விரித்துப் பிடி, வெளிப்பக்கம் தொடாதே. ஓரத்தில் தலைப்பு பொறித்த கறுப்பு உருளைகள் இரண்டு நிமிட 'கோல்ட் மோல்டட்', 1904 வாக்கிலோ பிறகோ வந்தவை. நீல நிறத்தில் இருப்பவை 1912இல் தொடங்கிய புளூ ஆம்பரால், மேலே செல்லுலாய்டு, உள்ளே பிளாஸ்டர். ஈரத்தில் பிளாஸ்டர் ஊதிவிடும். அப்படி ஊதியது உருளை மாட்டும் தண்டில் இறங்க மறுத்தால் அழுத்தாதே. இவை கடைசிவரை, 1929வரை வந்தன, ஆகவே நீல உருளைகளை வைத்துப் பொறியின் வயதைக் கணிக்க வழியில்லை. எண்களை எழுதி அனுப்பு. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகத்து உருளைக் காப்பகத்தில் பார்த்துச் சொல்கிறேன். ஆயிரக்கணக்கான உருளைகளை அவர்கள் எல்லோரும் கேட்கும்படி வைத்திருக்கிறார்கள்.

இப்போது எனக்கு வேண்டியவை: தகட்டின் மேல் விளக்கைச் சாய்த்துப் பிடித்து எடுத்த ஒரு படம், வரிசை எண், ஒலித்தலையின் அடிப்பக்கம். நீலக்கல் முனைகளை நகத்தால் தடவிப் பார்க்காதே, உருப்பெருக்கியில் பார். ஓரம் உடைந்த முனை ஒரே ஓட்டத்தில் மெழுகை உழுதுவிடும். முடிந்தால் ஒரு சிறு காகிதத் துண்டை உருளை மாட்டும் தண்டில் ஒட்டி, உருளை இல்லாமல் ஓடவிட்டு, 15 வினாடியில் எத்தனை சுற்று என்று எண்ணு. 40 வந்தால், வேகத்தைச் சீராக வைக்கும் கவர்னர் சரியாக இருக்கிறது.

மே மாதம் நீங்கள் இருவரும் இங்கே வந்தே ஆக வேண்டும். நியூ ஜெர்சியின் வெஸ்ட் ஆரஞ்சில் எடிசனின் ஆய்வகம் இன்று தேசிய வரலாற்றுப் பூங்காவாக இருக்கிறது, எங்கள் வீட்டிலிருந்து கிட்டத்தில்தான். டிக்கெட் எடுத்ததும் தேதியைச் சொல்.

அன்புடன்,
ராஜாராம்