பிஸ்த்ருச்சி கதை தெரியுமா கண்ணு

கண்ணு, நீ வரைஞ்ச டிசைனை ஆபீஸ்ல வேற ஒருத்தர் பேர்ல போட்டுட்டாங்கன்னு சொல்லிட்டு "விடுங்கப்பா, இதெல்லாம் சகஜம்"னு போனை வெச்சுட்டே. எனக்குத்தான் விட மனசு வரல, அதான் எழுதுறேன்.

பெனடெட்டோ பிஸ்த்ருச்சின்னு ஒரு ஆளு, 1783ல ரோம்ல பொறந்தவர், கல்லுல உருவம் செதுக்குறதுதான் தொழில். ரெண்டு மூணு கலர் அடுக்கடுக்கா இருக்குற கல்ல எடுத்து மேல் அடுக்குல முகம் வரணும், கீழ் அடுக்கு பின்னாடி நிக்கணும், கேமியோம்பாங்க. உளி வெச்சு தட்டுற வேலை இல்ல, சுத்திக்கிட்டே இருக்குற குட்டி ஊசி நுனியில வைரப்பொடியும் எண்ணெயும் தடவி கொஞ்சம் கொஞ்சமா தேய்க்கணும், ஒரு இடம் ஜாஸ்தியா போச்சுன்னா போச்சு, திருப்பி ஒட்ட முடியாது. இவர்கிட்ட வாங்குற வியாபாரிங்க என்ன பண்ணாங்கன்னா, பழைய ரோமானிய காலத்து சரக்குன்னு சொல்லி கொள்ளை விலைக்கு வித்தாங்க. அது புரிஞ்சதும் மனுஷன் தான் செஞ்சதுல எல்லாம் ஒரு ரகசிய குறி போட ஆரம்பிச்சுட்டார்.

1815ல லண்டன் வர்றார். தாவர ஆராய்ச்சி பண்ண ஜோசப் பேங்க்ஸ் இருக்காரே, அவர் முகத்தை செஞ்சிட்டு இருக்கும்போது ரிச்சர்ட் பெய்ன் நைட்னு ஒரு பெரிய கலெக்டர் வந்து, பூக்களோட ரோமானிய தேவதை ஃப்ளோரா முகம் செதுக்கின கேமியோ, அந்தக் காலத்து பொக்கிஷம்னு பெருமையா காட்டுறார். பாத்தா இவர் கையால செஞ்சது! "இது என்னுது, குறி இருக்கு பாருங்க"ன்னா நைட் ஒத்துக்கவே இல்ல, தலையில இருக்குறது ரோஜாவே இல்ல மாதுளம்பூன்னு வம்பு வேற. பேங்க்ஸே ரோஜாதான்னுட்டார். கடைசில இன்னொரு ஃப்ளோராவ செதுக்கியே காட்டினார் நம்மாளு.

1817ல வந்த பிரிட்டிஷ் தங்க சவரன் காசுல குதிரை மேல உக்காந்து டிராகனை குத்துறாரே புனித ஜார்ஜ், அதுவும் இவர் டிசைன்தான். பாட்டியோட காசை லென்ஸ் வெச்சு பாத்தேன், கீழ வலது ஓரத்துல எறும்பு சைஸ்ல பி.பி.ன்னு இருக்கு, அவர் இனிஷியல். வெளிநாட்டுக்காரர்னு, காசு அடிக்குற அரசு நாணயசாலையில சீஃப் என்கிரேவர், அதாவது தலைமை செதுக்குநர் பதவிய மட்டும் கடைசி வரைக்கும் தரல. அந்தக் கடுப்போ என்னவோ, நெப்போலியனை தோக்கடிச்ச வாட்டர்லூ போர் வெற்றிக்காக 1819ல எடுத்த மெடல் வேலைய 1849லதான் முடிச்சார், அதுக்குள்ள மெடல் வாங்க வேண்டிய ராஜாக்கள் எல்லாம் போய் சேந்துட்டாங்க. இது எனக்கு கொஞ்சம் ஓவராதான் தெரியுது.

நீ அப்படி முறைச்சுக்கிட்டு வேலைய இழுக்க வேணாம். தேதியோட இருக்குற ஒரிஜினல் ஃபைல், நீ முதல்ல போட்ட ஸ்கெட்ச் எல்லாத்தையும் அட்டாச் பண்ணி மேனேஜருக்கு ரெண்டு வரி மெயில் போடு. கோபமா ஒரு வார்த்தை எழுதாதே, அனுப்புறதுக்கு முன்னாடி வேணா எனக்கு ஒருதடவ காட்டு.

அப்பா