வில்லன் வில்லிலிருந்து வந்தவன் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் கேள்வி-பதில் பகுதியில், 'வில்லன்' என்ற சொல் 'வில்' என்பதிலிருந்து பிறந்தது என்று எழுதியிருந்தீர்கள். வில் ஏந்தியவனைத் தமிழில் வில்லன், வில்லி என்று சொல்வது உண்டுதான். ஆனால் சினிமாவில் நாம் சொல்லும் வில்லன் அவன் இல்லை. அவன் ஓர் உழவன்.

லத்தீனில் 'வில்லா' என்றால் பண்ணை வீடு. அந்தப் பண்ணையோடு கட்டுண்டு கிடந்த ஆள் 'வில்லானுஸ்'. 1066-ல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, அவர்கள் பேசிய பிரெஞ்சு வழியாக இந்தச் சொல் ஆங்கிலத்துக்குள் வந்தது. 1086-ல் நார்மன் அரசர் முதலாம் வில்லியம் எடுத்த நிலக்கணக்கில் பதிவான குடியானவர்களில் இந்த வில்லானுஸ் ஆட்கள்தான் பெரும் கூட்டம். நம் பக்கத்துப் பேச்சில் சொன்னால் பண்ணையாட்கள். வாரத்தில் சில நாள் கூலியில்லாமல் பிரபுவின் நிலத்தை உழ வேண்டும். மகளைக் கட்டிக்கொடுக்கவும் பிரபுவுக்குப் பணம் கட்ட வேண்டும். கேட்காமல் ஊரைவிட்டுப் போக முடியாது. 1381-ல் இந்தக் கட்டை அறுக்கச் சொல்லி லண்டனுக்குள்ளேயே புகுந்தார்கள். 14 வயது அரசர் இரண்டாம் ரிச்சர்ட் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். கலகம் அடங்கியதும், சில வாரங்களிலேயே அதை ரத்து செய்தார்.

உழுதவனின் பெயர் முதலில் நாகரிகம் தெரியாதவன் என்றானது. அப்புறம் கயவன், கொடியவன் என்றானது. நாடகத்தில் கெட்ட பாத்திரத்துக்கு அது பெயரானது 19-ஆம் நூற்றாண்டில்தான். பழைய பண்ணையாளைக் குறிக்க ஒரே ஓர் எழுத்தை மாற்றி இன்றும் ஆங்கிலத்தில் தனியாக எழுதுகிறார்கள். 'வில்லா'வோ வீட்டுமனை விளம்பரங்களில் சொகுசு வீட்டின் பெயர். வீட்டின் பெயருக்கு மதிப்பு ஏற, அங்கே உழைத்தவனின் பெயர் வசவாகிவிட்டது. எனக்கு இது வெறும் சொல்லாராய்ச்சி இல்லை.

என் அப்பா ஒருமுறை கடன் கேட்டு ஓர் அலுவலகத்துக்குப் போனார். வரப்பு வெட்டிவிட்டு நேரே வந்திருந்தார். கணுக்காலில் சேறு காய்ந்து வெடித்திருந்தது. படிவத்தில் கையெழுத்தை இடம் மாற்றிப் போட்டுவிட்டார். "பட்டிக்காட்டான்" என்று மேசைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். அப்பா ஒன்றும் சொல்லாமல் பேனாவை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பிக் கொடுத்தார். அப்போது எனக்கு எட்டு வயது. அந்தச் சொல்லை நாம் இன்னும் விளையாட்டாகச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம்.

வில்லிலிருந்து வந்தது என்று எழுதிவிட்டால் இந்தக் கதை முழுவதும் மறைந்துபோகிறது. தயவுசெய்து அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள். என் பேத்தி உங்கள் கேள்வி-பதிலை வெட்டி நோட்டில் ஒட்டி வைக்கிறவள். திருத்தத்தையும் அதன் பக்கத்திலேயே ஒட்டச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்,
திருத்துறைப்பூண்டி