கிளைடரின் வேகத்துக்குக் காரணம் எடைக் குறைப்பு அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

எஞ்சின் இல்லாமல் காற்றில் சறுக்கிப் பறக்கும் கிளைடர் விமானங்களைப் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, மரத்திலிருந்து கண்ணாடி இழைக்கு மாறியதும் எடை குறைந்தது, அதனால்தான் போட்டிக் கிளைடர்களின் வேகம் கூடியது என்கிறது. மாற்றம் உண்மை, சொன்ன காரணம் தவறு.

மர இறக்கையில் குறுக்குச் சட்டங்களின் மேல் மெல்லிய ஒட்டுப்பலகையைப் போர்த்துவார்கள். நாளாக ஆக, சட்டங்களுக்கு இடையே பலகை லேசாகக் குழியும். மேற்பரப்பை ஒட்டி அமைதியாக வழுக்கிச் செல்லும் காற்றைக் கலைக்க அந்தக் குழிவே போதும், இழுவை (காற்று பின்னிழுக்கும் விசை) ஏறிவிடும். அச்சில் வார்த்த கண்ணாடி இழை இறக்கையில் அந்தக் குழிவு கிடையாது. 1957 நவம்பரில் பறந்த ஸ்டுட்கார்ட் மாணவர் குழுவின் 'எஃப்எஸ் 24 ஃபீனிக்ஸ்' இந்த வழியைத் திறந்தது. 1964இல் டார்ம்ஸ்டாட் மாணவர்கள் 'டி-36' கிளைடரைப் பறக்கவிட்டார்கள்: இறக்கை நீளம் 17.8 மீட்டர், சறுக்கு விகிதம் 44. அதாவது, அசையாத காற்றில் 1 கி.மீ. உயரத்திலிருந்து 44 கி.மீ. போகலாம். மறு ஆண்டு இங்கிலாந்தின் சவுத் செர்னியில் நடந்த உலகப் போட்டியில் அது இரண்டாம் இடம் பிடித்தது. அதை வடிவமைத்தவர்களில் லெம்கே, வைபெல், ஹோலிக்ஹாஸ் மூவரும் பிறகு மூன்று வெவ்வேறு நிறுவனங்களுக்குப் போய் எல்எஸ், ஏஎஸ்டபிள்யூ, சிர்ரஸ் என்ற கிளைடர் வரிசைகளை உருவாக்கினார்கள். அதன்பின் பல ஆண்டுகள் உலகப் போட்டிகளில் மோதிக்கொண்டது பெரும்பாலும் இந்தப் பழைய கூட்டாளிகளின் கிளைடர்கள்தான்!

கண்ணாடி இழைக்கும் குறை உண்டு. பிசின் வருடக்கணக்கில் மெல்லச் சுருங்குவதால், இறக்கையை உள்ளிருந்து தாங்கும் நடு உத்தரம் இருக்கும் இடத்தில் மேற்பரப்பில் ஓர் அலை எழும். அது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினாலே உப்புத்தாளை எடுத்துத் தேய்த்துச் சமன் செய்ய உட்கார்ந்துவிடுவார்கள். முன்விளிம்பில் அப்பும் பூச்சிகளை வழித்தெடுக்க, பறக்கும்போதே இறக்கை நெடுக ஓடும் சுரண்டியும் உண்டு.

எடைக்கு வருவோம். போட்டியில் எடையை வேண்டுமென்றே கூட்டுகிறார்கள், தண்ணீரால். விமானியோடு 330 கிலோ வரும் கிளைடரின் இறக்கைத் தொட்டிகளில் 145 லிட்டர் நிரப்பினால் எடை 1.44 மடங்காகும். வேகம் அதன் வர்க்கமூலமான 1.2 மடங்கு கூடும். மணிக்கு 95 கி.மீ.யில் கிடைத்த சறுக்கு விகிதம் 114 கி.மீ.யிலும் கிடைக்கும். ஆனால் கிளைடரை உயரத் தூக்கும், மேலேறும் வெப்பக் காற்று பலவீனமாக இருந்தால் கனத்த கிளைடர் திணறும். அப்போது தண்ணீரைத் திறந்துவிட வேண்டியதுதான். ஒரு பக்க வால்வு உறைந்தோ சிக்கியோ நின்றுவிட்டால் ஓர் இறக்கை மட்டும் கனக்கும். இறங்கி வேகம் குறையும்போது அந்த முனை தரையைத் தொட்டு, கிளைடர் சுற்றிக்கொள்ளும். நிரப்பும்போது காற்றுத் துளை அடைபட்டிருந்தால் குழாயின் அழுத்தமே இறக்கையைப் பிளந்துவிடும்.

கட்டுரையோடு வந்த படத்தில் இறக்கைக்குப் பின்னால் நீளும் வெள்ளைக் கோட்டை 'புகை' என்று குறிப்பிட்டிருக்கிறீர்கள். அது தரையிறங்கும் முன் கொட்டப்படும் தண்ணீர்.

கிளைடர் ஆர்வலர்கள் சிலர், கோவை