சோடியத்துக்கு விருப்பம் என்று ஒன்றில்லை: வேதியியல் படிக்கும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

அயனியில் (மின்சுமை பெற்ற அணு அல்லது அணுக்கூட்டம்) எலக்ட்ரான்களை எண்ணும்போது கூட்டுவதா கழிப்பதா என்று குழம்புவதாக எழுதியிருந்தாய். சோடியம் ஏன் எலக்ட்ரானைக் கொடுக்க ‘விரும்புகிறது’ என்றும் கேட்டிருந்தாய். முதல் கேள்விக்குச் சீக்கிரம் பதில் சொல்லிவிடலாம். இரண்டாவதற்குக் காகிதமும் பேனாவும் வேண்டும்.

எப்போதும் புரோட்டானில் தொடங்கு. அணு எண் என்பது புரோட்டான்களின் எண்ணிக்கை. வேதிவினையில் அது மாறவே மாறாது. அணுக்கருவில் 11 புரோட்டான் இருந்தால் அது சோடியம். ஓர் எலக்ட்ரான் போய்ப் பத்து மிஞ்சினாலும் அது சோடியம் அயனிதான், நியான் ஆகிவிடாது. புரோட்டான் எண்ணிக்கையிலிருந்து மின்சுமையை அதன் குறியோடு சேர்த்துக் கழி. வருவது எலக்ட்ரான் எண்ணிக்கை. அலுமினியம் அயனிக்கு 13 − (+3) = 10. சல்பைடுக்கு 16 − (−2) = 18. ‘எடுத்தால் பிளஸ், சேர்த்தால் மைனஸ்’ என்று மனப்பாடம் செய்யாதே, அவசரத்தில் தலைகீழாகிவிடும். பல அணு அயனிகளுக்கும் இதே வழிதான்: அம்மோனியத்தில் புரோட்டான் 7 + 4 = 11, மின்சுமை +1, ஆக எலக்ட்ரான் 10. சல்பேட்டில் புரோட்டான் 16 + (4 × 8) = 48, மின்சுமை −2, ஆக எலக்ட்ரான் 50.

நியூட்ரானில் வேறொரு குழி இருக்கிறது. தனிம வரிசை அட்டவணையில் உள்ள அணு நிறையை முழு எண்ணாக்கி, அதையே நிறை எண் (புரோட்டான், நியூட்ரான் இரண்டின் கூட்டுத்தொகை) என்று எடுத்துக்கொள்கிறார்கள். புரோமினுக்கு 79.9 என்றிருக்கும். அதை 80 ஆக்கி 35-ஐக் கழித்தால் 45 நியூட்ரான் வரும். ஆனால் இயற்கையில் கிடைக்கும் புரோமின் அணுக்களின் நிறை எண் 79 அல்லது 81. இரண்டும் ஏறக்குறைய பாதிப் பாதி. நியூட்ரான் 44 இருக்கும், இல்லையென்றால் 46 இருக்கும். அட்டவணையில் இருப்பது சராசரி. ஐசோடோப்பின் (ஒரே தனிமத்தில் நியூட்ரான் எண்ணிக்கை வேறுபடும் அணு வகை) நிறை எண்ணைக் கேள்வியிலேயே கொடுத்திருக்க வேண்டும்.

இரும்பில் பலர் சறுக்குகிறார்கள். 4எஸ், 3டி என்பவை எலக்ட்ரான்கள் அமரும் துணைக்கூடுகள்; முன்னால் உள்ள எண் எந்தக் கூடு என்பதைச் சொல்கிறது. நிரப்பும்போது 4எஸ் முதலில், பிறகு 3டி. ஆகவே எடுக்கும்போது 3டி-யில் இருந்துதான் எடுக்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். இல்லை, வெளிக்கூட்டில் இருக்கும் 4எஸ் எலக்ட்ரான்கள் இரண்டும்தான் முதலில் போகும். அயனியில் 3டி-யின் ஆற்றல் 4எஸ்-ஐவிடத் தாழ்ந்தது. எனவே இரும்பு 2+ அயனியில் 3டி-யில் 6 எலக்ட்ரான், 3+ அயனியில் 5.

இனி சோடியம். வாயு நிலையில் ஒரு மோல் (அணுக்களை எண்ணும் அலகு, சுமார் 6 × 10²³) சோடியம் அணுக்களிலிருந்து ஓர் எலக்ட்ரான் வீதம் பிரிக்க 496 கிலோஜூல் செலவழிக்க வேண்டும். தானாகக் கொடுப்பதாக இருந்தால் இந்தச் செலவு எதற்கு? குளோரின் அந்த எலக்ட்ரான்களை ஏற்கும்போது திரும்பக் கிடைப்பதோ 349 தான். சோடியம் உலோகத்தை வாயுவாக்க 107, குளோரின் மூலக்கூறைப் பிரிக்க 122 (அரை மோலுக்கு) ஆகியவற்றையும் சேர்த்தால், மொத்தச் செலவு 725, வரவு 349. இன்னும் 376 கிலோஜூல் கடன். அந்தக் கடனை அடைப்பது படிகக்கூடு ஆற்றல்: அயனிகள் நெருங்கி அடுக்கடுக்காய் அமரும்போது 787 கிலோஜூல் வெளிவருகிறது. மிச்சம் 411. உப்பு உருவாகும்போது வெளிவரும் வெப்பம் அதுதான்.

அப்படியானால் இன்னோர் எலக்ட்ரானையும் எடுத்தால் என்ன? அதற்கு மோலுக்கு 4562 கிலோஜூல் ஆகும். முதல் எலக்ட்ரான் மூன்றாம் கூட்டில் இருந்தது. உள்ளே இருக்கும் பத்து எலக்ட்ரான்களும் மறைப்பதால் அது உணரும் அணுக்கரு மின்சுமை சுமார் 2.5 தான். அடுத்தது இரண்டாம் கூட்டைச் சேர்ந்தது, அணுக்கருவுக்கு அருகில் இருப்பது. அது உணரும் மின்சுமை ஏறத்தாழ 7. பக்கத்திலுள்ள மெக்னீசியம் குளோரைடின் படிகக்கூடு ஆற்றலே சுமார் 2500 என்பதால், இந்தச் செலவை எந்தப் படிகமும் ஈடுகட்டாது. மெக்னீசியத்துக்கு இரண்டு எலக்ட்ரானுக்கும் சேர்த்து 738 + 1451 = 2189 தான்; கணக்கு கட்டுபடியாகிறது. மூன்றாவதற்கு 7733. அங்கே நின்றுவிடுகிறது.

எட்டு எலக்ட்ரான் இருந்தால் நிலைப்பு என்ற எண்ம விதி விடையை ஊகிக்க உதவும். அதைக் காரணமாக எழுதாதே. ஆக்சைடு அயனியையே பார். ஆக்சிஜன் முதல் எலக்ட்ரானை ஏற்கும்போது 141 கிலோஜூல் வெளிவருகிறது. இரண்டாவதைத் திணிக்க 700-க்கும் மேல் உள்ளே செலுத்த வேண்டும், ஏனென்றால் ஏற்கெனவே எதிர்மின்சுமை கொண்ட அயனி அதை விலக்குகிறது. வெளிக்கூட்டில் எட்டு நிறைந்திருந்தும், வாயு நிலையில் தனியாக விடப்பட்ட ஆக்சைடு அயனி ஓர் எலக்ட்ரானை உதறிவிடும். மெக்னீசியம் ஆக்சைடு போன்ற படிகத்துக்குள், சுற்றிலும் நேர்மின் அயனிகள் இழுத்துப் பிடித்திருப்பதால்தான் அது நிலைக்கிறது.

அன்புடன்,
அக்கா