மெனு கார்டு ஏன் சுருங்கியது: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். ஆவணி முதல் தேதியிலிருந்து நம் கடையில் புது மெனு கார்டு. பழையதில் 84 அயிட்டம் இருந்தது, புதியதில் 14தான். உட்கார்ந்து கார்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்று கேட்டவர்கள் நிறையப் பேர். பசியோடு வந்தவரிடம் நின்று கதை சொன்னால் சாப்பாடு ஆறிப்போகும். அதனால்தான் எழுதுகிறோம்.

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஏற்காடு போய்விட்டு மலை இறங்கிய ஒரு குடும்பம் சாப்பிட வந்தது. பேரப்பிள்ளைகள் பாஸ்தா, மெக்சிகன் ரைஸ், மஞ்சூரியன் என்று மூன்று கேட்டார்கள். கூட வந்த பாட்டி மூன்றிலும் ஒவ்வொரு ஸ்பூன் வாயில் போட்டுப் பார்த்தார். பில் கொடுக்கப் போனபோது கையைப் பிடித்துக்கொண்டு, "மூணும் ஒரே குழம்புதான் கண்ணு, வேற வேற கிண்ணத்துல வந்திருக்கு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, குறையாகக்கூடச் சொல்லவில்லை. ஆனால் அது உண்மை. காலையில் தக்காளி, பூண்டு, மிளகாய் சாஸ் போட்டு ஒரு பெரிய அண்டா சிவப்புக் கலவை கொதிக்கவைப்போம். மதியம் அதில் ஓரிகானோ தூவினால் இத்தாலி, சீரகம் போட்டால் மெக்சிகோ, சோயா ஊற்றினால் சீனா. 84 அயிட்டத்தை நான்கு பேர் சமைக்க வேண்டுமென்றால் வேறு வழியும் இல்லை.

அன்று ராத்திரி கடை மூடியதும் உட்கார்ந்து பேசினோம். நம்ம ஊர் தட்டுவடை செட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தட்டுவடை, அதன்மேல் பச்சைச் சட்னி, சிவப்புச் சட்னி, துருவிய பீட்ரூட்டும் காரட்டும் வெங்காயமும், மேலே இன்னொரு தட்டுவடை. அப்படியே வாயில் போட்டால்தான் மொறுமொறுப்பும் காரமும் ஒன்றாகச் சேரும். செவ்வாய்ப்பேட்டையில் நின்று சாப்பிட்டு வளர்ந்த ஒருவருக்கு எங்கோ ஒரு வெளியூர் ஓட்டலில் பிஸ்கட்டின் மேல் கெட்சப் ஊற்றி, "இதுதான் சேலம் தட்டுவடை செட்" என்று கொடுத்தால் எப்படி இருக்கும்? அதைத்தானே நாம் இன்னொரு ஊர்க்காரருக்குச் செய்துகொண்டிருக்கிறோம் என்று தோன்றியது. அவர் இங்கே வந்து பார்க்கப் போவதில்லை என்பது ஒரு சமாதானம் ஆகாது. அப்புறம், அந்தச் சாப்பாட்டின் நிஜ ருசி என்னவென்றே தெரியாமல் காசு கொடுத்துப் போகிறவர் நீங்கள்.

சரி, இப்போது அடுப்படியில் என்ன நடக்கிறது என்று சொல்கிறோம்.

மெக்சிகோவின் டார்ட்டியா மக்காச்சோள ரொட்டிதான். ஆனால் மக்காச்சோளத்தை அப்படியே மாவாக்கித் தண்ணீர் விட்டுப் பிசைந்தால் ரொட்டி தட்ட வராது, விண்டு விண்டு போகும். அங்கே 3,000 வருடங்களுக்கு மேலாக ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: சுண்ணாம்பு. ஒரு கிலோ காய்ந்த மக்காச்சோளத்துக்குச் சுமார் 10 கிராம் சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து, அதில் சோளத்தைக் கொதிக்கவைத்து, ராத்திரி முழுக்க மூடி வைத்துவிடுவோம். காலையில் மூடியைத் திறந்தால் தண்ணீர் மஞ்சளாகக் கொழகொழவென்று இருக்கும். சுவரில் புதுசாக வெள்ளையடித்த வீட்டு வாசம் வரும். கையை உள்ளே விட்டுத் தேய்த்தால் தோல் வழுக்கிக்கொண்டு கழன்றுவிடும். நாலைந்து தண்ணீர் மாற்றிக் கழுவி, கிரைண்டரில் கெட்டியாக அரைத்து எடுத்தால், சப்பாத்தி மாவுபோல உருண்டை பிடிக்க வரும். அங்கே இதை அரைக்கும் கல்லுக்கு மெட்டாட்டே என்று பெயர். மூன்று கால் வைத்த, சரிவான கல், மேலே ஒரு குழவி, முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து அரைப்பார்கள். படத்தைப் பார்த்ததும் எங்கள் சமையல் அக்கா, "அட, நம்ம அம்மி" என்றார்.

சுண்ணாம்பு மாவு சேர வைப்பதற்கு மட்டும் இல்லை. மக்காச்சோளத்தில் உள்ள நியாசின் என்ற சத்து நம் உடம்பில் சேராதபடி கட்டுண்டு கிடக்கும். சுண்ணாம்பு அதை அவிழ்த்துவிடுகிறது. ஐரோப்பியர்கள் மக்காச்சோளத்தைக் கொண்டுபோனார்கள், சுண்ணாம்பை விட்டுவிட்டார்கள். அதனால் மக்காச்சோளமே சாப்பாடாக வாழ்ந்த ஸ்பெயின், வட இத்தாலி ஏழைகளுக்குத் தோல் வெடித்து, வயிறு கெட்டு, புத்தி பேதலிக்கும் பெலக்ரா நோய் வந்தது. 1735இல் ஸ்பெயினில் காஸ்பர் கசால் என்ற வைத்தியர்தான் அதை முதலில் எழுதிவைத்தார். அடுத்த ஊர்ச் சமையலில் நமக்குப் புரியாத ஒரு படி இருந்தால் அதை வெட்டிவிடக் கூடாது என்பதற்கு எங்களுக்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை. மக்காச்சோளம் ஆத்தூர்ப் பக்கம்தான் வாங்குகிறோம். ஸ்வீட் கார்ன் இதற்கு உதவாது.

இந்த டார்ட்டியாவை மடித்துச் செய்யும் டாக்கோவில் சீஸ் எங்கே என்று கேட்கிறீர்கள். படகுபோல வளைத்துப் பொரித்து, சீஸ் துருவலை அள்ளிப் போடுவது அமெரிக்காவிலிருந்து பரவிய வகை. அதுவும் நல்ல தீனிதான், ஆனால் நாங்கள் செய்வது அது இல்லை. எங்களுடையது உள்ளங்கை அளவு மெத்தென்ற ரொட்டி. நடுவில் வேகவைத்த பீன்ஸோ கோழியோ, பொடியாக நறுக்கிய வெங்காயம், கொத்தமல்லித் தழை, கல்லில் கருகச் சுட்டு அரைத்த தக்காளி மிளகாய்ச் சட்னி. மேலே எலுமிச்சை பிழிந்து, மடித்து, தலையைச் சாய்த்துக் கடிக்க வேண்டும். ஃபோர்க் கேட்காதீர்கள், தயவுசெய்து. கையால் சாப்பிட வேண்டிய சாப்பாட்டை, கையாலேயே சாப்பிட்டு வளர்ந்த நாம், ஓட்டல் என்பதால் கூச்சப்பட்டுக் குத்திச் சாப்பிட்டுச் சிதறவிடுகிறோம். இங்கே யாரும் உங்களைப் பார்த்து ஒன்றும் நினைக்க மாட்டார்கள். கை கழுவும் இடத்தை ஹாலுக்குள்ளேயே மாற்றிவைத்ததும் இதற்காகத்தான்.

அடுத்தது வெள்ளிக்கிழமை. அன்று மட்டும் எத்தியோப்பியச் சாப்பாடு, முழுக்கச் சைவம். எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் புதனும் வெள்ளியும் விரதம் இருப்பார்கள். இறைச்சி மட்டுமில்லை, பால், நெய், முட்டை எதுவும் தொட மாட்டார்கள். வருடத்தில் நீண்ட விரதங்களும் உண்டு. அதனால் அவர்களிடம் இருக்கும் சைவச் சமையல், இறைச்சிக்குப் பதில் ஏதோ ஒன்று என்று செய்தது இல்லை, தனியாகவே வளர்ந்த சமையல். மிஸிர் வொட் என்றால் பெர்பெரே மிளகாய்ப் பொடி போட்ட மைசூர்ப் பருப்பு. அதற்கு வெங்காயத்தை எண்ணெய் விடாமல் வெறும் சட்டியில் வதக்கித் தொடங்குவார்கள். அதற்கே அரைமணி நேரம். ஷிரோ கொண்டைக்கடலை மாவில் செய்த கெட்டிக் குழம்பு. புரட்டாசியில் எங்கே போய்ச் சாப்பிடுவது என்று தேடுகிறவர்கள் இதை ஒருமுறை பாருங்கள்.

இவற்றை வைத்துச் சாப்பிடுவது இஞ்செரா. டெஃப் என்ற மிக மிகச் சிறிய தானியத்தின் மாவை இரண்டு மூன்று நாள் புளிக்கவிட்டுச் சுடுவது. தோசையின் தங்கை என்று சொல்லலாம். ஆனால் நாம் நடுவில் ஊற்றி வெளியே இழுப்போம், அவர்கள் ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள். திருப்பிப் போடுவது இல்லை. ஊற்றிய அரை நிமிடத்தில் மேலெல்லாம் பொட்டுப் பொட்டாகத் துளை விழும். துளையைக் கண் என்றே அவர்கள் சொல்வார்கள். கண் நிறையத் திறந்தால் மாவு சரியாகப் புளித்திருக்கிறது என்று அர்த்தம். அப்போது மூடிபோட்டு வேகவைத்து எடுக்க வேண்டும். எங்களுக்கு முதல் இரண்டு வாரம் கண்ணே திறக்கவில்லை. சேலத்து வெயிலுக்கு மாவு ஒரே நாளில் பொங்கி, அடுத்த நாள் அடங்கிப்போய்விடும். இப்போது பானையை ஈரத் துணியில் சுற்றி, நிழலில் வைத்துச் சமாளிக்கிறோம்.

டெஃப் எங்களுக்கு எப்போதும் போதுமான அளவு கிடைப்பதில்லை. எத்தியோப்பியாவிலேயே சோளம், பார்லி கலந்து சுடும் வீடுகள் உண்டு. நாங்கள் சோளமும் கேழ்வரகும் சேர்க்கிறோம், எவ்வளவு என்பதை அன்றன்று கரும்பலகையில் எழுதிவிடுவோம். கேழ்வரகு ஒன்றும் அதற்கு அந்நியம் இல்லை. பல்லாயிரம் வருடங்களுக்கு முன் கிழக்கு ஆப்பிரிக்க மேட்டு நிலத்தில் பயிரானதுதான் பிறகு நம் பக்கம் வந்து களியும் கூழுமானது.

இஞ்செரா ஒரே பெரிய தட்டில்தான் வரும், ஆளுக்கொரு தட்டு கிடையாது. சுற்றி உட்கார்ந்து, உங்கள் பக்கத்து ஓரத்தைக் கிழித்து, குழம்பை வளைத்துப் பிடித்து உண்ண வேண்டும். ஒருவர் வாயில் இன்னொருவர் ஒரு கவளம் ஊட்டுவதும் அங்கே மரியாதை, அதற்குக் குர்ஷா என்று பெயர். போன வாரம் எட்டாவது மேஜையில் ஒரு மகள், வேண்டாம் வேண்டாம் என்ற அப்பாவுக்கு ஊட்டிவிட்டாள். அவர் கொஞ்ச நேரம் தலையைத் தூக்கவில்லை. எங்கள் பையன்கள் அந்த மேஜைக்குத் தண்ணீர் ஊற்றக்கூடப் போகாமல் தள்ளி நின்றார்கள்.

சாப்பிட்டு முடித்ததும் காபி. ஏற்காட்டுப் பச்சைக் கொட்டையை உங்கள் முன்னாலேயே வறுத்து, அந்தப் புகையை முகர்ந்து பார்க்கக் காட்டி, உரலில் இடித்து, மண் கூஜாவில் கொதிக்கவைத்துத் தருவோம். பால் கிடையாது. அபோல், தோனா, பரக்கா என்று மூன்று சுற்று. ஒவ்வொன்றும் முந்தியதைவிட லேசாக இருக்கும், மூன்றாவது ஆசீர்வாதம் என்பது அவர்கள் வழக்கம். எத்தியோப்பியக் காடுகளில் பிறந்த செடியைச் சேர்வராயன் மலைக்கு 1820களில் கொண்டுவந்து வைத்தவர் அப்போது சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன். அந்த மலைக் கொட்டையை அதன் தாய்வீட்டு முறையில் காய்ச்சுவதில் எங்களுக்கு ஒரு தனிச் சந்தோஷம். மூன்று சுற்றும் முடிய ஒரு மணி நேரம் ஆகும். அவசரமாகப் போக வேண்டியவர்கள் முன்பே சொல்லிவிடுங்கள், ஃபில்டர் காபி இருக்கிறது.

மாலை பலகாரமாக இப்போது ஒன்றுதான், பிரேசில் நாட்டுச் சீஸ் உருண்டை. மீனாஸ் ஜெராயிஸ் என்ற மாநிலத்தின் வீட்டுப் பலகாரம் அது. கோதுமை துளிகூடக் கிடையாது, எல்லாம் நம்ம குச்சிக்கிழங்கு மாவு. இந்தச் செடி தென் அமெரிக்காவிலிருந்துதான் வந்தது. அமேசான் பக்கம் கசப்புக் கிழங்கைத் துருவி, பின்னிய நீளக் குழாய்ப் பையில் அடைத்துத் தொங்கவிட்டு, விஷச் சாற்றைப் பிழிந்து எடுத்துவிட்டு மாவாக்குவார்கள். நம்ம ஊரில் சேகோ மில் வாசலில் கிழங்கு லாரி நிற்பதையும், களத்தில் ஜவ்வரிசி காய்வதையும் பார்த்தே வளர்ந்தோம். சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடுகூட 2023இல் கிடைத்துவிட்டது. ஆனால் அந்த மாவில் உப்புமாவும் பாயசமும் வத்தலும் தாண்டி என்ன செய்யலாம் என்று நாம் அதிகம் யோசித்ததில்லை. சூடான பாலும் எண்ணெயும் ஊற்றி மாவை வேகவைத்து, முட்டையும் சீஸும் சேர்த்துப் பிசைந்து ஓவனில் வைத்தால், வெளியே மொறுமொறுப்பு, உள்ளே இழுபடும் ஜவ்வு. பிரேசிலில் இதற்கென்றே வாரக்கணக்கில் புளிக்கவைத்து வெயிலில் உலர்த்திய மாவு உண்டு. அந்தப் புளிப்பை இங்கே கொண்டுவரத்தான் மொட்டை மாடியில் தட்டுத் தட்டாகக் காயவைத்துக்கொண்டிருக்கிறோம். மாலை 5 மணிக்கு ஒரே ஒரு தட்டு, 40 உருண்டை. ஆறினால் கல்லாகிவிடும் என்பதால் பார்சல் இல்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். பாஸ்தா இரண்டு வகை இருக்கிறது. கொஞ்சம் கடிபடும், அது வேகாத குறை இல்லை, அங்கே அந்தப் பதம்தான் சரியான பதம். குழந்தைகளுக்கு இன்னும் குழைய வேண்டுமென்றால் சொல்லுங்கள், தனியாக வேகவைக்கிறோம். சுஷி கேட்கிறவர்களுக்கு: கடல் நமக்குத் தூரம். பச்சை மீனை நம்பி வாங்க எங்களுக்கு மனம் வரவில்லை. கோபி மஞ்சூரியன் போகவில்லை, கவலைப்பட வேண்டாம். சீனா என்ற தலைப்பின் கீழிருந்து எடுத்து "நம்ம நாடு" என்ற தலைப்பின் கீழ் வைத்திருக்கிறோம். அது இந்தியாவில் பிறந்த பண்டம், அதற்கு இன்னொரு நாட்டுப் பெயர் எதற்கு?

காரம் கூட்டுங்கள், குறையுங்கள் என்றால் செய்ய மாட்டோமா என்று ஒருவர் கேட்டார். செய்வோம், சாப்பிடப் போகிறவர் நீங்கள். முதல் வாய் மட்டும் வந்தபடியே சாப்பிட்டுப் பாருங்கள் என்பதுதான் எங்கள் வேண்டுகோள். புளிப்பு அதிகமாகத் தெரிந்தால், கூடவே இருக்கும் குழம்போடு சேர்த்து இன்னொரு வாய். அதற்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால் தட்டை எடுத்துக்கொண்டு வேறு கொடுப்போம், பில்லில் வராது. டாக்கோ மூன்று 180 ரூபாய் ஆகியிருப்பது உங்களுக்குக் கொஞ்சம் உறுத்தும் என்று தெரியும். முதல் நாள் ராத்திரியே தொடங்கும் வேலைக்கு ஒரு ஆள் கூடுதலாக வைத்திருக்கிறோம். சைவத்துக்குக் கல்லும் கரண்டியும் கிரைண்டரும் முழுக்கத் தனி. சந்தேகம் இருந்தால் உள்ளே வந்து பார்க்கலாம்.

அந்தப் பாட்டி மறுபடி ஆடிப்பெருக்கு அன்று வந்திருந்தார். கார்டு அச்சாகும் முன் சோதனைக்குச் சுட்டிருந்த டார்ட்டியாவை வெறுமனே பிய்த்து வாயில் போட்டு, "சோளம் சோளமா இருக்கு" என்றார். அப்புறம் ஒன்று கேட்டார்: வெள்ளிக்கிழமை தட்டில் ஆறு பேர் உட்காரலாமா என்று. உட்காரலாம். நான்கு பேருக்கு ஒரு தட்டு, ஆறு பேர் என்றால் பெரிய தட்டு. ஒரே ஒரு விஷயம், வெள்ளிக்கிழமைக்குச் செவ்வாய் ராத்திரி 9 மணிக்குள் சொல்லிவிடுங்கள். புதன் காலையில் மாவு கரைத்தால்தான் வெள்ளி மதியம் கண் திறக்கும்.

அன்புடன்,
உங்கள் உணவகத்தார்,
அஸ்தம்பட்டி, சேலம்.